தந்தைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமுதாய வளைகாப்பு விழாப் படங்கள் நாளிதழ்களின் வேலூர்ப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. வரிசையாக நாற்காலிகளில் கர்ப்பிணிகள், கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், மடியில் சீர்த் தட்டு. பின்வரிசையில் அதிகாரிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும். நான் பார்த்த படம் எதிலும் கணவர் என்று ஒருவர் இருந்ததில்லை. அவர்கள் விழாவுக்கு வராமல் இல்லை. மனைவியைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கிறார்கள். "உள்ளே வாருங்கள்" என்று சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் அவர்கள் வரக் கூச்சப்படுவார்கள். இந்த இரண்டைப் பற்றியும்தான் எழுத விரும்புகிறேன்.

நான் குடியாத்தம், அணைக்கட்டு வட்டாரங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து, பிறகு சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். இப்போது காட்பாடியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். தாய்மார்களுக்கு நமது துறை செய்திருப்பதைப் பெருமையோடு சொல்வேன். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. மழையில், ஏரிக்கரையில், பஸ் போகாத ஊர்களில் வீடு வீடாக நடந்த செவிலியர்களின் உழைப்பு இதில் இருக்கிறது. ஆனால் அத்தனை வீடுகளிலும் நாங்கள் கூப்பிட்டது பெண்களை. பேசியது பெண்களிடம். அந்த வீட்டு ஆண், திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அதுதான் மரியாதை என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை நடக்கும்போது போய்ப் பாருங்கள். கூட வருவது மாமியார், அல்லது அம்மா, அல்லது நாத்தனார். கணவர் வந்திருந்தால் கேட்டுக்கு வெளியே இருப்பார். ரத்த அழுத்தம் எவ்வளவு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரைப் பரிசோதனைக்கு அடுத்து எப்போது வர வேண்டும், எல்லாம் மாமியார் காதில் விழும். வீட்டுக்குப் போன பிறகு மகனுக்கு எட்டுவது, "நர்சம்மா மாத்திரை கொடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறதாம்" என்ற ஒரு வரி. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி எடுப்பதா வேண்டாமா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, கையில் இருக்கும் பணம் போதுமா என்று முடிவெடுக்கிறவர் அந்த மகன்தான். விவரம் ஒருவரிடம் இருக்கிறது, அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கிறது.

பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு மூன்று தாமதங்களைச் சொல்லித் தருவார்கள். ஆபத்து என்று உணர்ந்து முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதற்கு 108 வண்டி வந்தது. மூன்றாவதற்கு அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடங்கள் வந்தன. முதல் தாமதம் வீட்டுக்குள் நடப்பது. அதைக் குறைக்க நாம் செய்தது குறைவு.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். எட்டாம் மாதம். கால் வீங்கியிருந்தது. "பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் சகஜம்" என்றார் மாமியார். அவர் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள் கண்ணுக்கு முன்னால் மின்மினிப் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெண் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அன்பானவர். தைலம் தேய்த்துவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று பக்கத்திலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. தாயைக் காப்பாற்றினார்கள், குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. தலைவலியும் பார்வை மங்கலும் ரத்த அழுத்தத்தின் அறிகுறி, அந்த நேரமே கிளம்ப வேண்டும் என்று அந்த மனிதருக்கு யாரும் சொன்னதே இல்லை. அவர் கேட்கிற இடத்தில் யாரும் சொல்லவில்லை. "எனக்குத் தெரிந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டாவது ஓடியிருப்பேனே" என்று அவர் சொன்னார். ஓடியிருப்பார். அவர் அந்த மாதிரி மனிதர்தான்.

ஆண்களைத் துறை கூப்பிடுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தம் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேண்டும் என்றால் கூப்பிடுகிறோம். மனைவியின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் கணவரின் ரத்த வகை பார்க்கக் கூப்பிடுகிறோம். குழந்தை பாசிட்டிவ் ஆகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஊசி போட்டாக வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் கணவர் தேவை. இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குவதற்காகக் கூப்பிட்டால், அவர்கள் ஆஸ்பத்திரி வாசலைப் பயத்தோடு பார்க்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பணம் கட்டச் சொல்லப் போகிறார்கள், அல்லது கெட்ட செய்தி சொல்லப் போகிறார்கள் என்று முகம் வெளுத்துவிடும். உங்கள் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேளுங்கள் என்று கூப்பிட்டுப் பழக்கவில்லை.

இதற்கெல்லாம் ஆண்களின் கல் மனம் காரணம் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் வட ஆற்காட்டு வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அன்றே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று நல்ல நாள் பார்த்துத்தான் திரும்பி வருவாள். இடைப்பட்ட மாதங்களில் கணவர் அந்த வீட்டுக்கு விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவார். கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். மனைவியைத் தனியே பார்த்துப் பேசக்கூட அவருக்குச் சங்கடம். பெண்ணுக்குத் தாய்மடியில் ஓய்வு கிடைப்பது நல்ல வழக்கம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் குழந்தையின் முதல் மாதங்களும் தகப்பனுக்கு இல்லாமலே போகின்றன. ஆறாவது வாரத்து ஊசி, பத்தாவது வாரத்து ஊசி, பதினான்காவது வாரத்து ஊசி எல்லாம் மாமனார் வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் முடிந்துவிடுகின்றன. குழந்தை கைக்கு வரும்போது அது அவரைப் பார்த்து அழுகிறது.

ராணுவ வீரர்களுக்குப் பேர்போன கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் தகப்பன்மார் எல்லையில் இருப்பார்கள். குடியாத்தம் பக்கம் பெங்களூருவில் கட்டட வேலை, மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கம் வளைகுடா நாடுகள். தொலைவில் இருக்கிற இவர்கள் வீடியோ காலில் ஸ்கேன் அறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேட்கிற அக்கறையை நான் நேரில் கண்டிருக்கிறேன். அரபு நாட்டில் ஓட்டுநராக இருந்த ஒருவர், மனைவியின் ஹீமோகுளோபின் அளவைத் தேதி போட்டுக் குறித்துவைத்திருந்தார். உள்ளூரிலேயே இருக்கிற கணவருக்கு அந்த எண் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் நர்சம்மா" என்பார். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வெட்கம் இல்லை, ஊர் கண் அங்கே இல்லாததால்.

எங்கள் துறையின் அமைப்பிலேயே ஆண் வேலை, பெண் வேலை என்று கோடு போட்டிருக்கிறது. சுகாதார ஆய்வாளர் ஆண். அவருக்குக் கொசு, குளோரின், காய்ச்சல் கணக்கு. கிராம சுகாதார செவிலியர் பெண். அவருக்குத் தாயும் சேயும். இருவரும் ஒரே தெருவில்தான் நடக்கிறோம். ஆனால் அந்தத் தெருவில் உள்ள தகப்பனிடம் கர்ப்பத்தைப் பற்றிப் பேச வேண்டியவர் யார் என்றால், யாருடைய வேலைப் பட்டியலிலும் அது முதன்மையாக இல்லை. ஒரு செவிலியர், வயதில் சிறியவள், ஒரு இளைஞனை நிறுத்திவைத்துக் கருத்தடை முறை பற்றிப் பத்து நிமிடம் பேசினால் ஊர் என்ன பேசும் என்று வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேர் இதைச் சொல்லி என்னிடம் கண்கலங்கியிருக்கிறார்கள். ஆண்களை ஒதுக்கிவைத்த அதே வழக்கம்தான் செவிலியரின் வாயையும் கட்டிப்போடுகிறது.

வேலூர்க்காரர்களுக்கு, சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை தெரியும். 1890-களில், அவர் இன்னும் மருத்துவம் படிக்காத இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு இருந்தபோது, ஒரே இரவில் வெவ்வேறு சாதி, மதத்தைச் சேர்ந்த மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து உதவுங்கள் என்று கேட்டார்கள். என் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கியது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்தது. இன்று உலகமே வந்து நிற்கிற மருத்துவமனை அது.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று கணவர்களின் நினைவு வரும். நடு ராத்திரியில், வேற்று மதத்தாரின் வீட்டுக் கதவை, ஒரு இளம்பெண்ணிடம் உதவி கேட்டுத் தட்டியவர்கள் அவர்கள். மனைவி பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு இல்லாமல் அந்தக் காலத்தில் அப்படி வந்திருக்க முடியாது. தவிப்பு இருந்தது, வழக்கம் அதைவிடப் பெரிதாக நின்றது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் என்பது அன்றைக்குச் சரியான பதில், உயிர் காத்த பதில். அதன் இன்னொரு பக்கமாகப் பிரசவமும் குழந்தையும் பெண்கள் மட்டுமே புழங்கும் இடமாக உறுதிப்பட்டன. அந்த மருத்துவப் பள்ளியே கல்லூரியாகி 1947-ல் ஆண் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. பிரசவ வார்டு மட்டும் ஆண் மருத்துவருக்குத் திறந்த பிறகும் கணவருக்குத் திறக்கவில்லை.

பிரசவத்தின்போது துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்ற திட்டம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே வந்தது. நல்ல திட்டம். வலியில் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சொந்த முகம் இருந்தால் பெண்ணின் பயம் பாதியாகிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் நாடு முழுவதற்கும் இதை அனுமதித்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினர் துணையாக இருக்கலாம். மறைவுக்கு வசதி உள்ள பிரசவ அறைகளில் கணவரும் இருக்கலாம் என்றது. அந்த வசதிதான் நம்மிடம் இல்லை. ஒரு அறையில் நான்கு மேசை, பக்கத்தில் பக்கத்தில். ஒரு கணவரை உள்ளே விட்டால் மற்ற மூன்று பெண்களின் மானம் என்ன ஆவது? பிரசவ அறைச் செவிலியர்கள் கணவரைத் தடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அந்த மூன்று பெண்களையும் காக்கிறார்கள். மேசைக்கு மேசை தடுப்பும், கம்பியில் ஓடும் திரைச்சீலையும் போட ஆகும் செலவு என்ன? ஒரு திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னதும், பெண் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கும் துணை வேண்டும் என்பதைத்தான்.

உள்ளே விட்டால் ஆண்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பச்சிளங்குழந்தைப் பிரிவில் நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து அனுப்பிவைத்த தாய். ரத்த அழுத்தம் ஏறி ஆபரேஷன் செய்து, அவளைத் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். குழந்தை குறைமாதம், எடை இரண்டு கிலோகூட இல்லை. கங்காரு முறையில் மார்போடு அணைத்துச் சூடு கொடுக்க வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் மருத்துவர்கள் தொடங்கிய முறை அது. இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள். தாய் வர முடியாது. பாட்டிக்கு இருமல். அந்தப் பிரிவில் இருந்த இளம் செவிலியர் ஒருவர் வெளியே போய்த் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

குடியாத்தம் லுங்கிக்கு நூல் சாயம் போடுகிற பையன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினான். நகக்கண்ணில் நீலம் போகவில்லை. மறுபடி கழுவினான். பிரஷ் வாங்கித் தேய்த்தான். தோல் சிவந்துவிட்டது, நீலம் அப்படியே இருந்தது. "இப்படியே குழந்தையைத் தொடக் கூடாது இல்லையா சிஸ்டர்?" என்று கையை மடக்கிப் பின்னால் வைத்துக்கொண்டான். அந்தப் பெண் அவன் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அழுக்கில்லை, சாயம். உட்காருங்கள்" என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கதவோரம் நின்ற பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஆண்பிள்ளை மார்பில் என்ன இருக்கிறது?" என்றார். "சூடு இருக்கிறது அம்மா, அது போதும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை நிமிர்த்தி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடக்கி அவன் மார்பில் வைத்துத் துணியால் கட்டினார். அவன் மூச்சு விடவே பயந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பேசினால் கேட்குமா?" என்று கேட்டான். பேசுங்கள் என்றார். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் பெயரையும் ஊரையும் சொன்னான்.

அந்தப் பையன் பிறகு புதன்கிழமைகளில் தாய் சேய் நல அட்டையோடு தடுப்பூசிக்கு வந்தான். வரிசையில் பெண்களுக்கு நடுவே தனியாக நின்றான். சில பெண்கள் சிரித்தார்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு நாங்கள் ஞாபகப்படுத்துவதற்கு முன்னாலேயே அவனே தேதி கேட்டான். அரை மணி நேரம் குழந்தையைச் சுமந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த இளம் செவிலியருக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. எழுதுகிற வாய்ப்புக் கிடைத்ததால் இங்கே கைகூப்பிச் சொல்கிறேன்.

குடும்பக் கட்டுப்பாட்டில் ஆணின் இடம் இன்னும் மோசம். அதே 2019-21 ஆய்வில், நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவைச் சிகிச்சையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். கருத்தடை என்பது பெண்களின் விஷயம், ஆண் கவலைப்பட வேண்டியதில்லை என்று 35 சதவீத ஆண்கள் சொன்னார்கள். ஆணுக்கான கத்தியில்லா முறை எளிது. சில நிமிடங்களில் முடியும், தையல் கிடையாது, அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, பிறகு விந்துப் பரிசோதனை செய்தால் போதும். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். அரசு ஊக்கத்தொகையும் ஆணுக்குத்தான் அதிகம். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார விழா நடத்தி, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறோம். வருவது விரல் விட்டு எண்ணும் அளவு.

தடுப்பது கணவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். "அவர் மூட்டை தூக்குகிறவர் நர்சம்மா, அவருக்கு எதற்கு? எனக்கே செய்துவிடுங்கள்" என்று இரண்டு சிசேரியன் ஆன பெண்ணே சொல்வாள். மாமியாரோ, "என் பிள்ளையைத் தொடக்கூடாது" என்று வாசலில் நின்று சண்டைக்கு வருவார். அறுவை செய்தால் ஆண் பலம் இழப்பான், உழைக்க முடியாது என்ற பயம் ஊறிப்போயிருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், வடநாட்டில் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த கட்டாய அறுவைகளின் பேச்சு இன்னும் முதியவர்கள் வாயில் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது செய்துகொண்ட இன்னொரு ஆண். மைக் கட்டிய ஆட்டோவால் அது முடியாது. செய்துகொண்ட ஒரு நெசவாளி எங்கள் பகுதியில் இருந்தார். தறிக்கூடத்தில் அவர் பேசிய பிறகு இரண்டு பேர் தாமாகவே வந்தார்கள். என் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் அதைவிடக் குறைவு. சுகாதார ஆய்வாளர்களுக்கு இதில் முறையான பயிற்சியும் பொறுப்பும் கொடுத்தால், தறிக்கூடத்திலும் தோல் தொழிற்சாலை வாசலிலும் அவர்களால் பேச முடியும். ஆணோடு ஆண் பேசும் இடங்கள் அவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கணவரை அழைக்க வேண்டும் என்று நான் கேட்பதால், கணவர் இல்லாமல் வருகிற பெண்ணை யாரும் கேள்வி கேட்கும் நிலை வந்துவிடக் கூடாது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் தம்பதியாக வருவோருக்கு முன்னுரிமை என்று வைத்தபோது, துணையில்லாத பெண்கள் காத்துக்கிடந்தார்கள், சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊரில் கைவிடப்பட்டவர்கள் உண்டு, கணவரை இழந்தவர்கள் உண்டு. அடிக்கிற கணவரும் உண்டு. செவிலியரிடம் தனியாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒரு பெண் ரவிக்கையை விலக்கிக் காயத்தைக் காட்டுவாள். அந்தத் தனிமை அவளுக்கு வேண்டும். ஆகவே முதலில் பெண்ணைத் தனியே பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடட்டுமா என்று அவளைக் கேட்க வேண்டும். அவள் சரி என்றால் மட்டும் கூப்பிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகை தாயின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அது அப்படியே இருக்க வேண்டும். தகப்பனைச் சேர்த்துக்கொள்வது அவள் கையில் இருக்கும் முடிவைப் பறிப்பதாகிவிடக் கூடாது.

பிறகு வேலை நேரம். ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் அதற்குப் பணமும் உண்டு. அவள் கணவர் அதே கம்பெனியில் வேலை செய்தாலும் அவருக்கு ஈ.எஸ்.ஐ.யில் இதற்கென்று எதுவும் கிடையாது. மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கிற தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. கொத்தனாரும் ஆட்டோ ஓட்டுநரும் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. இப்படிப்பட்டவரைச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்? வராதவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதிவைப்பது நியாயமே இல்லை.

மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் தந்தையைச் சேர்ப்பது டெல்லியில் நடக்க வேண்டிய காரியம். அதற்கு நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவனும் மனைவியுமாக வந்து அறிகுறிகளைக் கேட்டுக்கொண்டு போகும்படி ஒரு மணி நேரம் ஒதுக்க மாவட்ட சுகாதார அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும். பிரசவ வார்டு கட்டடத்துக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், ஆண்களுக்கு நாலு பெஞ்சும் ஒரு கழிப்பறையும் கட்ட ஊராட்சி நிதியே போதும். இப்போது அவர்கள் பைக் மேலும் மதில் மேலும் படுத்துக் கிடக்கிறார்கள். ஸ்கேன் நாளன்று கணவருக்கும் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று தோல் தொழிற்சாலை உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். ஏற்றுமதிக்காக எத்தனையோ விதிகளை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஏற்கெனவே களைத்துப்போன கிராம சுகாதார செவிலியரின் தலையில் இன்னொரு பாரமாகக் கட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வேலை செய்தால் வாரத்தில் வேறொரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். கூட ஒரு சுகாதார ஆய்வாளரும் இருக்க வேண்டும். முதலில் குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் தொடங்கலாம். தறியும் தோல் தொழிற்சாலையும் அங்கே ஞாயிறு விடுமுறை. தகப்பன்மார் அன்று வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமுதாய சுகாதார செவிலியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.